படியில் பேனா, கூஜாவில் செவ்வந்தி

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குள் நுழைந்தாலே எனக்குக் கால் தரையில் பாவாது. ஒரு பக்கம் பித்தளை அண்டாக்கள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்கும். எதிர்ப்பக்கம் தேக்குத் தூண்கள் சுவரில் சாய்ந்து நிற்கும். நடுவே எனாமல் தூக்குகள், ஊறுகாய் ஜாடிகள், பல்லாங்குழிகள், முறுக்கு உரல்கள், ரசம் போன பெல்ஜியம் கண்ணாடிகள், பல தலைமுறைக் கைகள் பட்டு வழுவழுப்பேறிய அஞ்சறைப் பெட்டிகள். எந்தக் கடையில் முதலில் உட்காருவது என்று தெரியாமல் மனசு பறக்கும். நகைக்கடையில்கூட எனக்கு இப்படி ஆனதில்லை!

நான் குடியிருப்பது சென்னையில் ஒரு சாதாரண வாடகை வீடு. வெள்ளைச் சுவர், வழுக்குகிற டைல்ஸ், அடுத்த வீட்டு மொட்டை மாடி தெரிகிற ஜன்னல். அந்த வீட்டுக்குள் இப்போது நுழைகிறவர்கள் எல்லாரும் செருப்பைக் கழற்றிய கையோடு அப்படியே நின்றுவிடுகிறார்கள். பார்சல் கொண்டு வருகிற தம்பிகூட, "அக்கா, உள்ள வந்து பாக்கலாமா?" என்று கேட்டுவிட்டு ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் போகிறார். இத்தனைக்கும் நான் மொத்தமாகச் செலவழித்தது ஒரு புது சோபா செட்டின் விலைகூட இருக்காது. பழைய சாமானும் கொஞ்சம் துணியும் மஞ்சள் வெளிச்சமும்தான். இதை ஊரைக் கூட்டிச் சொல்லாமல் எப்படி இருப்பது?

காரைக்குடியில் மட்டும் ஏன் இவ்வளவு கிடைக்கிறது என்று கேட்பார்கள். நகரத்தார்கள் பர்மா, இலங்கை, மலேயா என்று கடல் தாண்டிப் போய் லேவாதேவி செய்து ஈட்டியதையெல்லாம் சொந்த ஊரில்தான் கொண்டுவந்து கொட்டினார்கள். பர்மாவிலிருந்து தேக்கு, இத்தாலியிலிருந்து சலவைக்கல், ஜப்பானிலிருந்து பூப்போட்ட சுவர் ஓடு என்று கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. பெண்ணைக் கட்டிக்கொடுத்தால் சீர் சாமான் அறை நிறைய. அந்தப் பெண் ஆயுசு முழுக்கப் புழங்கினாலும் தீராத பித்தளை, வெண்கலம், எவர்சில்வர், எனாமல், பீங்கான். 1942-இல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்ததோடு அந்தப் பெருவாழ்வு ஆட்டம் கண்டது. பிள்ளைகள் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போனார்கள். ஒரு வீட்டுக்குப் பத்து இருபது பங்காளிகள் ஆனார்கள். பூட்டிக் கிடந்த அறைகளிலிருந்து சாமான்கள் மெல்ல வெளியே வந்தன. அப்படி வந்தவைதான் இந்தத் தெருவில் வெயில் காய்கின்றன.

என் வீட்டில் ஒரே ஒரு சட்டம்தான். எந்தப் பழைய பொருள் உள்ளே வந்தாலும் அதற்கு ஒரு வேலை கொடுத்தாக வேண்டும். கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி வைப்பது என்ற பேச்சே கிடையாது. உழைத்துத் தேய்ந்த பொருளுக்குத் தினமும் கை பட்டால்தான் முகம் தெளியும். இதை நான் கண்ணால் பார்த்துவிட்டேன். வேலையில் இருக்கும் பித்தளைக்கும் சும்மா கிடக்கும் பித்தளைக்கும் நிறமே வேறு!

இரும்புப் படியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1950-களின் கடைசியில் லிட்டரும் கிலோவும் வந்ததும் படி, உழக்கு, மரக்கால் எல்லாம் ஒவ்வொன்றாக வேலை இழந்தன. கடைகளில் இன்றைக்கும் அவை மூலையில் குவிந்து கிடக்கின்றன. விலையும் பெரிதாக இல்லை. நான் வாங்கிய படியின் வாயைச் சுற்றித் தடித்த பித்தளைப் பட்டை. பக்கவாட்டில் அரசாங்க முத்திரை குத்திய தடம் இன்னும் விரலுக்குத் தட்டுப்படுகிறது. நெல்லும் அரிசியும் உராய்ந்து உராய்ந்து உள்பக்கம் பட்டுப்போல் ஆகியிருக்கிறது. இப்போது அது என் மேசையில் பேனாக்களை அளந்துகொண்டிருக்கிறது. உழக்கு சமையலறையில் அரிசி அளக்கிறது, அதாவது அதன் பழைய வேலையையே பார்க்கிறது. மரக்காலுக்குள் ஒரு பிளாஸ்டிக் தொட்டியை இறக்கி மணிபிளான்ட் வைத்திருக்கிறேன். தண்ணீர் நேராக இரும்பில் படாததால் துருவும் ஏறுவதில்லை.

பித்தளைக்கு வருவோம், என் உயிர் அங்கேதான் இருக்கிறது! பெரும்பாலும் எடை போட்டுத்தான் விற்பார்கள். வேலைப்பாடு இருந்தால் விலையும் ஏறும். நான் முதலில் பாத்திரத்தைக் கவிழ்த்து அடியைப் பார்ப்பேன். ஒட்டுப் போட்டிருக்கிறதா, அடி தேய்ந்து மெலிந்திருக்கிறதா என்று விரலால் சுண்டினால் தெரியும். நல்ல வெண்கலம் கணீரென்று நெடுநேரம் பாடும். விரிசல் இருந்தால் சத்தம் சட்டென்று அடங்கிவிடும். அப்புறம் விளிம்பைத் திருப்பி, பெயர் வெட்டியிருக்கிறதா என்று தேடுவேன். உளியால் புள்ளி புள்ளியாகத் தட்டி இரண்டு எழுத்து இனிஷியலும் ஒரு பெண்ணின் பெயரும் போட்டிருப்பார்கள். சில நேரம் வருஷமும் இருக்கும். அந்தப் புள்ளிகளை வருடிப் பார்க்கும்போது எனக்குள் என்னவோ செய்யும். யார் வீட்டுப் பெண்ணோ, எந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டாளோ! பெயர் இருந்தால் மறு விற்பனைக்கு மதிப்புக் குறைவு என்று சிலர் சொல்கிறார்கள். எனக்குப் பெயர் இருந்தால்தான் மதிப்பு.

துலக்குவதற்கு ரசாயனம் எதுவும் வேண்டாம். ஊறிய புளியும் கல் உப்பும் போதும். புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் மேலே படிந்த கறுப்பைக் கரைத்துவிடும். தேய்த்ததும் நன்றாக அலசி, உடனே துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்துவிட வேண்டும். ஈரத்தோடு விட்டால் மறுநாளே திட்டுத் திட்டாக நிறம் மாறும். ஆனால் எல்லாவற்றையும் பளபளக்க வைக்க வேண்டும் என்று வெறி பிடிக்கவும் வேண்டாம். என்னிடம் ஒரு வெண்கல உருளி இருக்கிறது, பழுத்த பழுப்பு நிறம். அதை நான் வெறும் தண்ணீரில்தான் கழுவுகிறேன். அதில் தண்ணீர் நிரப்பிச் செம்பருத்தியோ நந்தியாவட்டையோ மிதக்கவிட்டால் அந்தப் பழுப்பின் மேல் பூ எப்படி எழுந்து நிற்கும் தெரியுமா!

சமையலுக்கு எடுப்பதானால் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசியே ஆக வேண்டும். புளியும் தயிரும் பித்தளையில் நேரடியாகப் பட்டால் செம்பு கரைந்து சாப்பாட்டில் கலக்கும். பூசுவது வெள்ளீயம், காரீயம் இல்லை. பூசுகிறவரிடம் அதை ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பாத்திரக் கடைகளில் விசாரித்தால் ஆளைச் சொல்லிவிடுவார்கள். ஒருமுறை அந்த வேலையை நின்று பாருங்கள், நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்! கரி அடுப்பு கணகணவென்று இருக்கும். இடுக்கியில் பிடித்த பாத்திரத்தை அதன் மேல் காட்டிச் சுழற்றுவார். சூடு ஏறியதும் நவச்சாரப் பொடியை உள்ளே தூவுவார். குபீரென்று வெள்ளைப் புகை, மூக்கைத் துளைக்கிற நெடி. அந்த நொடியிலேயே ஈயக் குச்சியால் உள்ளே ஒரு கோடு இழுப்பார். ஈயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும், அதனால் கோடு போட்ட இடத்திலேயே நீராக ஓடும். கையில் சுருட்டிய பஞ்சால் அதை ஒரே வீச்சில் வளைத்துத் துடைப்பார். மஞ்சளாக இருந்த வயிறு கண் எதிரே வெள்ளியாக மாறும். இதெல்லாம் ஒரு நிமிஷ வேலை, ஆனால் அந்தக் கைக்கு எத்தனை வருஷத்துப் பழக்கம் வேண்டும்! "பாத்தீங்களாம்மா, இனி ரசம் வெச்சுப் பாருங்க" என்றார் எனக்குப் பூசிக்கொடுத்த பெரியவர். வைத்துப் பார்த்தேன். இன்றுவரை எங்கள் வீட்டில் ரசம் அந்தப் பாத்திரத்தில்தான்.

எனாமல் சாமான்கள் வேறொரு மயக்கம். இரும்புத் தகட்டின் மேல் கண்ணாடித் தூள் பூசி, 800 டிகிரிக்குப் பக்கத்தில் சூளையில் வைத்து உருக்கி எடுத்தது இது. அதனால்தான் அந்த நிறங்கள் மங்குவதே இல்லை. கிளிப்பச்சை, ஆகாச நீலம், தந்த வெள்ளையில் நீல விளிம்பு என்று ஒரு அடுக்கைப் பார்த்தால் போதும், எனக்குப் பேச்சு நின்றுவிடும். ஸ்வீடன் நாட்டுக் காக்கம்ஸ் கம்பெனிச் சாமான்களுக்குச் செட்டிநாட்டில் தனி மவுசு. அடியைத் திருப்பினால் முத்திரை இருக்கும். அந்த முத்திரையை வைத்து வயதைக் கணிப்பதுதான் பெரிய சுவாரசியம். "மேட் இன் செக்கோஸ்லோவாக்கியா" என்றிருந்தால், அந்த நாடு பிறந்தது 1918-இல், இரண்டாகப் பிரிந்தது 1993-இல். ஆக நம் பாத்திரம் அந்த இடைவெளிக்குள்தான் பிறந்திருக்க வேண்டும். பீங்கான் தட்டிலோ கோப்பையிலோ "ஆக்குபைட் ஜப்பான்" என்று கண்டால் விடாதீர்கள்! இரண்டாம் உலகப் போர் முடிந்து அமெரிக்கப் படை ஜப்பானை ஆக்கிரமித்திருந்த காலத்துச் சரக்கு அது. 1952-இல் அந்தக் காலம் முடிந்துவிட்டது. கையகலத் தட்டில் இத்தனை சரித்திரம்!

எனாமலைச் சமையலுக்கு எடுக்க நான் சொல்ல மாட்டேன். பழைய காலத்துச் சிவப்பு, மஞ்சள் சாயங்களில் காட்மியமும் காரீயமும் இருக்க வாய்ப்பு உண்டு. சில்லு பெயர்ந்த இடத்தில் துருவும் பிடிக்கும். எனவே என் வீட்டில் எனாமலுக்குக் கொடுத்த உத்தியோகங்கள் வேறு. நீள்வட்டத் தட்டில் தோல் உரிக்காத பழங்கள். நாலடுக்கு டிபன் கேரியரில் ஊசி நூல், பட்டன், இஞ்சு டேப், ரப்பர் பேண்டு. தூக்குவாளியில் குடைகள். கைப்பிடி வைத்த கூஜாவில் வாரா வாரம் ஒரு கட்டுச் செவ்வந்தியை உதிர்க்காமல் காம்போடு வாங்கி வந்து சொருகுகிறேன். வெள்ளைக் கூஜாவும் மஞ்சள் செவ்வந்தியும் சேர்ந்தால், அந்த மூலைக்கு வேறு எதுவுமே வேண்டாம். செலவு என்ன, முப்பது நாற்பது ரூபாய்!

சுவருக்கு வருவோம். ரவி வர்மா 1894-இல் பம்பாயில் கல் அச்சகம் தொடங்கியபோது, அரண்மனையில் மட்டும் இருந்த லட்சுமியும் சரஸ்வதியும் சாதாரண வீட்டுக் கூடத்துக்கும் வந்து சேர்ந்தார்கள். அந்தப் படங்களுக்கு நம் வீட்டுப் பெண்கள் சும்மா இருக்காமல் துணியால் புடவை கட்டி, ஜரிகை வைத்து, ஜிகினா தைத்து, கண்ணாடிச் சட்டம் போட்டிருக்கிறார்கள். அப்படி ஒன்றைக் காரைக்குடியில் கையில் எடுத்துப் பார்த்தேன். லட்சுமியின் முந்தானை நிஜத் துணி! மடிப்பு மடிப்பாகத் தைத்திருந்தது. விலை எனக்கு எட்டவில்லை, ஆனால் பார்த்ததே பாக்கியம். அசல் அச்சா, புது நகலா என்று கண்டுபிடிக்க ஒரு பூதக்கண்ணாடி போதும். கல் அச்சில் நிறப்புள்ளிகள் ஒழுங்கில்லாமல் பொடி தூவியதுபோல் சிதறியிருக்கும். இன்றைய ஆப்செட் அச்சில் புள்ளிகள் வரிசை கட்டி நிற்கும்.

கையைக் கடிக்காத வழியும் இருக்கிறது. கோவில்பட்டியில் இருந்து வரைந்த கொண்டையா ராஜுவும் அவர் சீடர்களும் படைத்த காலண்டர் சாமி படங்களைப் பழைய பேப்பர் கடைகளில் கேட்டுப் பாருங்கள். முருகனின் கன்னத்தில் அந்த ரோஜா வண்ணம், பின்னால் மலை, கீழே மயில்! சிவகாசி அச்சில் வந்து நம் தாத்தா வீட்டுச் சுவர்களையெல்லாம் நிறைத்த படங்கள் அவை. தேதித் தாள் கிழிந்துபோன காலண்டர் அட்டையை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. ஒரு மெல்லிய மரச்சட்டம் போட்டு மாட்டினால் வரவேற்பறைக்கே ஒரு களை வந்துவிடும். ஆணி அடிக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் சொன்னாரா? கவலையே வேண்டாம். என் வீட்டில் பாதிப் படங்கள் அலமாரி மேல் சுவரில் சாய்ந்துதான் நிற்கின்றன. பக்கத்தில் ஒரு மாங்காய்ப் பூட்டு, சாவியோடு. திண்டுக்கல் பூட்டின் கனத்தைக் கையில் வாங்கிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

துணிக்குத்தான் நான் அதிகம் கோயில் கட்டுவேன். பவானி ஜமக்காளம் ஒன்று விரித்துப் பாருங்கள்! சிவப்பு, பச்சை, நீலம் என்று பட்டைப் பட்டையாக ஓடும் அந்தக் கோடுகள், வழுக்குகிற டைல்ஸ் தரையை ஒரே நொடியில் கூடமாக்கிவிடும். துவைத்துத் துவைத்துப் போடலாம், வருஷக்கணக்கில் உழைக்கும். ஜன்னலுக்கு நான் போட்டிருப்பது பழைய கண்டாங்கிச் சேலை. அரக்குச் சிவப்பில் பெரிய பெரிய கட்டம், பட்டையான கரை. கரையை அடியில் வருகிற மாதிரி விட்டு, மேலே கம்பி நுழைய ஒரு மடிப்பு மட்டும் தைத்தேன். காலை வெயில் அதன் வழியாக வந்தால் சுவரெல்லாம் குங்கும நிறம் பரவுகிறது. காரைக்குடிக் கண்டாங்கிக்கும் திண்டுக்கல் பூட்டுக்கும் 2019-இல் ஒன்றாகப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, என் ஜன்னலும் என் அலமாரியும் சேர்ந்து பரிசு வாங்கியது மாதிரி குதித்தேன்!

ஆத்தங்குடிக் கல்லை விட்டுவிட்டால் எனக்கே அடுக்காது. சூளையில் சுடாத தரைக்கல் அது. கண்ணாடிப் பலகை மேல் பித்தளை அச்சு வைத்து, வண்ணக் குழம்பைக் கையாலேயே ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, பிறகு தண்ணீரில் ஊறப் போடுவார்கள். கண்ணாடியிலிருந்து பிரிந்து வரும்போதே அந்தப் பளபளப்பு வந்துவிடுகிறது. வாடகை வீட்டில் தரை போட முடியாதுதான். ஆனால் மிஞ்சிய ஒற்றைக் கற்களைக் கேட்டால் கொடுப்பார்கள். அடியில் நாலு மூலைக்கும் துணித்துண்டு ஒட்டி, சாப்பாட்டு மேசையில் சூடான பாத்திரம் வைக்க எடுத்துக்கொண்டேன். செடித்தொட்டிகளுக்கு அடியிலும் அதுதான். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பூ.

மரச்சாமானில் சின்னதாகவே ஆரம்பியுங்கள். கடைந்த கால் வைத்த ஒரு முக்காலி, ஒரு பல்லாங்குழி, ஒரு பழைய ஜன்னல் சட்டம். நான் வாங்கிய ஜன்னல் சட்டத்தில் பச்சைப் பெயிண்ட், அதற்குக் கீழே நீலம், அதற்கும் கீழே வெள்ளை. பழைய பெயிண்டில் காரீயம் இருக்கும் என்பதால் உலர்ந்தபடி தேய்க்காமல், ஈரமாக்கி, முகத்தில் துணி கட்டிக்கொண்டு உப்புத்தாளால் தேய்த்தோம். வெள்ளையும் போனதும் தேன் நிறத்தில் பர்மா தேக்கு எட்டிப் பார்த்தது பாருங்கள், கூட உதவிக்கு வந்த ஆசாரியே "அடேயப்பா" என்றார்! ஆளிவிதை எண்ணெயை மெல்லிய துணியில் தொட்டு இரண்டு கை பூசினோம், அவ்வளவுதான். எண்ணெய் பட்ட துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடிய எண்ணெய் அது. தண்ணீரில் நனைத்து விரித்துக் காயவிட்டுத்தான் அப்புறப்படுத்த வேண்டும். இப்போது அந்தச் சட்டத்துக்குள் முகம் பார்க்கும் கண்ணாடி உட்கார்ந்திருக்கிறது. வாங்கும்போது ஒன்றை மட்டும் பாருங்கள். மரத்தில் குண்டூசித் தலையளவு ஓட்டைகள் இருந்து, தட்டினால் மாவு கொட்டினால், உள்ளே வண்டு இன்னும் குடியிருக்கிறது. அது எவ்வளவு அழகாக இருந்தாலும் வீட்டுக்குள் வேண்டாம்.

இன்னொன்றும் வேண்டாம். சாமி சிலை. கோயிலைச் சேர்ந்ததோ என்று ஒரு துளி சந்தேகம் இருந்தாலும் தொடாதீர்கள். 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வயது கடந்த கலைப்பொருள்களுக்குக் கட்டுப்பாடுகள் உண்டு. சிலை போன்றவற்றைப் பதிவு செய்ய வேண்டும், தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவும் கூடாது. நிலைக்கதவை மூன்று துண்டாக அறுத்து டீபாய் செய்கிறார்களே, அதையும் என்னால் பார்க்கச் சகிக்கவில்லை. கதவு கதவாக இருக்கட்டும். அது முழுசாக எப்படி இருக்க வேண்டும் என்று பார்க்க ஆசையென்றால் முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்குப் போய்விடுங்கள். செட்டிநாட்டு வீடொன்றை அங்கே பெயர்த்து வந்து திரும்ப எழுப்பி வைத்திருக்கிறார்கள். அந்தத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தால் எந்தப் பொருளுக்கு எந்த இடம் என்று தன்னால் பிடிபடும்.

விளக்கு மட்டும் மாற்றினாலே பாதி வேலை முடிந்த மாதிரி. பல்பு அட்டையில் 2700 கெல்வின் என்று இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். மஞ்சள் வெளிச்சம் அது. வெள்ளை டியூப் லைட்டில் பித்தளை செத்துக் கிடக்கும். இந்த வெளிச்சத்தில் தகதகக்கும்! பழைய வீட்டுப் பீங்கான் ஹோல்டர், கறுப்பு பேக்லைட் சுவிட்ச் இவற்றை அழகுக்கு வாங்கலாம். ஆனால் அவற்றுக்கு மின்சாரம் கொடுப்பதற்கு முன் எலக்ட்ரீஷியன் ஒருவர் பார்த்தே ஆக வேண்டும். அரிக்கேன் விளக்கின் சிம்னிக்குள் நான் பேட்டரி விளக்குச் சரத்தைச் சுருட்டிப் போட்டிருக்கிறேன். மின்சாரம் போன ராத்திரிகளில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எங்கள் வீட்டுக்கு ஓடி வந்துவிடும்.

காரைக்குடிக்குக் காலையிலேயே போய்விடுங்கள், மதிய வெயிலில் அந்தத் தெருவில் நிற்க முடியாது. எத்தனை உயரம், எத்தனை அகலம் என்று வீட்டு மூலைகளை அளந்து எழுதிக்கொண்டு போங்கள். கையில் இஞ்சு டேப், பூதக்கண்ணாடி, சுற்றி எடுக்க நாலு பழைய சேலை. முன்வரிசைச் சாமானோடு திரும்பிவிடாதீர்கள். "அண்ணே, உள்ள என்ன இருக்கு?" என்று உரிமையோடு கேளுங்கள். பின்கட்டுக் கிடங்கில் தூசு படிந்து கிடப்பதில்தான் நமக்கான விலையில் நமக்கான பொருள் இருக்கும். பேரம் பேசுங்கள், ஆனால் அந்தப் பொருள் எந்த ஊரிலிருந்து வந்தது என்ற கதையையும் சேர்த்துக் கேளுங்கள். தெரிந்ததைச் சொல்வார்கள். சின்னச் சாமானை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸிலேயே வந்துவிடலாம். பெரியது என்றால் அவர்களே வைக்கோல் வைத்துக் கட்டி லாரி பார்சலில் போட்டுவிடுவார்கள். அடுத்து நான் குறி வைத்திருப்பது பிரம்புப் பின்னல் கிழிந்த ஒரு சாய்வு நாற்காலி. பின்னுகிறவரிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன்.